பிளஷர் போன பாதை

பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே உள்ள பழைய நெடுஞ்சாலையில், கண்டாலாக் கணவாயை ஏறி முடித்து, லோனாவ்லாவின் மேகங்களைப் பின்னே விட்டு, தளேகாவையும் தாண்டி வருகிற பிரயாணிக்கு, பூனா நகரத்தின் சந்தடி காதில் விழுவதற்குச் சற்று முன்பாக எதிர்ப்படுகிற ஊர் தேஹு ரோடு. இந்திராயணி நதிக்கரையில் துக்காராம் மகராஜ் பிறந்து அபங்கம் பாடிய தேஹு கிராமத்துக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஸ்டேஷன் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். டாக்டர் அம்பேத்கர், தாம் பௌத்த தீக்ஷை பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1954 டிசம்பர் 25ஆம் தேதி, புத்தர் பிரதிமையைப் பிரதிஷ்டை செய்ததும் இவ்வூரில்தான். இவ்விரண்டு புண்ணியங்களோடு மூன்றாவதாக ஊருக்கு வாய்த்தது இராணுவத் தளவாடக் கிடங்கு. அதைச் சர்க்கார் காகிதங்கள் எப்படி அழைத்தாலும், உத்தியோகம் தேடி வந்து இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது 'டெப்போ'தான்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அமெரிக்க 'மஸில் கார்'களைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். மஸில் கார் என்றால் புஜபலம் மிகுந்த வண்டி. நடுத்தர அளவும் சாதாரண விலையும் கொண்ட இரண்டு கதவுக் காருக்குள், பெரிய கார்களுக்கென்று செய்த எட்டு சிலிண்டர் இயந்திரத்தைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்று டெட்ராய்ட் நகரத்து இன்ஜினியர்கள் செய்து பார்த்த பரீட்சையின் பலன் அது. பான்டியாக் கம்பெனியார் தங்கள் 1964ஆம் வருஷத்து வண்டியில் 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தி, ஜி.டி.ஓ. என்று நாமகரணம் செய்து விற்றதிலிருந்து அந்தச் சகாப்தத்தைக் கணக்கிடுவது வழக்கம். அதே வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. பிறகு செவல், கமாரோ, சார்ஜர் என்று வரிசையாக வந்தன. முதல் சம்பளத்தை ஈடு காட்டிக் கடனில் வாங்கியது, சனிக்கிழமை இரவில் ஒரு சிக்னல் விளக்குக்கும் அடுத்த சிக்னல் விளக்குக்கும் இடையே பந்தயம் விட்டது, வியட்நாம் யுத்தத்துக்குப் போகும் முன் தகப்பனாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது என்றெல்லாம், அந்த நாட்டில் இன்று எழுபது வயது கடந்தவர்கள் அந்த வண்டிகளை நினைத்து உருகுகிறார்கள். தேஹு ரோட்டுச் சாலையோரத்தில் வளர்ந்த எங்களுக்கு அத்தகைய ஞாபகம் ஏது? எங்களுக்குக் கிடைத்தவை அந்த வண்டிகளின் பாட்டன்மார். பேரன்மார் அயல்நாட்டில் செய்த சேஷ்டைகளைப் பத்திரிகைப் படங்களில் பார்த்துக்கொண்டே, பாட்டன்மாரைச் சாகவிடாமல் போஷித்து வந்த சரித்திரமே எங்களுடையது.

அந்தப் பாட்டன்மார் வந்த வரலாறு சுருக்கமானது. ஃபோர்டு கம்பெனி 1926இல் இந்தியாவில் தன் ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து, கப்பலில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி ஷெவர்லே வண்டிகளை வெளியே விட்டது. தெற்கே மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் அவற்றை விற்றுப் பெயரெடுத்தார்கள். சுமைக்கு லாரி, ஜனங்களுக்குப் பஸ் என்று ஆன பிறகு, சொந்த சுகத்துக்கென்று ஒருவர் வைத்துக்கொள்ளும் வண்டியை எப்படி வேறுபடுத்துவது? 'பிளஷர் கார்' என்றார்கள். கிராமத்தார் அதையும் குறுக்கி, வெறும் 'பிளஷர்' ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து தேஹு ரோட்டுக்குக் குடிவந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள்.

பிளஷர்களைப் பார்ப்பதற்கு இந்தச் சாலையைவிடத் தகுந்த இடமும் வேறு இருந்திராது. மழைக்காலத்தில் பம்பாயின் குதிரைப் பந்தயம் பூனாவுக்கு இடம் மாறும். பந்தயப் பிரியர்களுக்காகவே 1930இல் 'டெக்கான் குவீன்' என்ற ரயிலை விட்டார்கள் என்றாலும், ரயிலில் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்த சீமான்கள் தங்கள் சொந்த வண்டிகளிலேயே மலையேறினார்கள். கவர்னர் மால்கம் காலத்தில், 1830இல், குதிரை வண்டிகளையும் மாட்டு வண்டிகளையும் உத்தேசித்துத் திறந்த மலைச்சாலை அது. அதன் வளைவுகளில் அமெரிக்காவின் சமதரைக்கென்று பிறந்த கனத்த வண்டிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

கோடைக்கால மத்தியானம் ஒன்று என் ஞாபகத்தில் இருக்கிறது. படகு போல நீண்ட டாட்ஜ் கார் ஒன்று, எங்கள் ஊர் டீக்கடைக்கு எதிரே போனட்டைத் திறந்துகொண்டு நின்றது. டிரைவர், தலைப்பாகைத் துணியை நான்காக மடித்து, ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, கால் திருகு திருகிவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வேடிக்கை பார்த்த சிறுவர்களில் ஒருவன் வாளித் தண்ணீரோடு ஓடிவர, அவர் கையமர்த்தித் தடுத்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொதித்து நிற்கிற இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக் வெடித்துப் போகும் என்பதையும், அவ்வளவு நேரம் பொறுத்தும் வண்டி கிளம்பாவிட்டால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்ற வேண்டும் என்பதையும் நாங்கள் அன்று அவரிடம் கற்றோம். வேகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் அமெரிக்க இயந்திரங்களை வேறொரு கோலத்தில் இப்பிரதேசத்துக்குக் கொண்டுவந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டுத் தமிழ்நாட்டுப் பஸ்களின் முதுகில் கரிவாயு உலைகள் ஏறியிருந்த அதே நாட்களில், இராணுவத்துக்கென்று ஜீப்புகளும், கனடா தேசத்து ஃபோர்டு, ஷெவர்லே தொழிற்சாலைகளில் செய்த சப்பை மூக்கு லாரிகளும் கணக்கின்றி வந்திறங்கின. ஃபோர்டு லாரியின் போனட்டுக்குள் இருந்தது, நான்கு நான்காக வி வடிவத்தில் சாய்ந்து நிற்கும் எட்டு சிலிண்டர் இயந்திரம். 239 கன அங்குலம், 95 குதிரைத்திறன். சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் அவ்வகை இயந்திரத்தை 1932இல் முதன்முதலாகச் செய்து விற்று, பின்னாளில் அமெரிக்க வாலிபர்களுக்கு வேகப் பித்து ஏறுவதற்கு வித்திட்டவர் ஹென்றி ஃபோர்டு. ஆகவே, மஸில் கார்களின் மூதாதையின் குரலை, கிர்க்கிக்கும் தேஹு ரோட்டுக்கும் இடையே மூட்டை சுமந்து திரிந்த இராணுவ லாரிகளின் உறுமலில் எங்கள் பெரியவர்கள் கேட்டுவிட்டார்கள். யுத்தம் முடிந்தபின் மிஞ்சிய வண்டிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்குப் போயின. இராணுவ லாரி பெயிண்ட் மாற்றிக்கொண்டு பஸ்ஸாகவும், சர்க்கரை மூட்டை ஏற்றும் வாகனமாகவும் மறுஜென்மம் எடுத்தது.

இதற்கிடையே வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, கிரைஸ்லர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பம்பாயை அடுத்த குர்லாவில் 1947 முதல் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் என்ற மூன்று பெயர்களில் கார்களைத் தயாரித்தது. பெயர்கள் மூன்றானாலும் அவை பெரும்பாலும் ஒரே தேகமும் வெவ்வேறு முகமும் கொண்ட சகோதரிகள். வரிசையாக ஆறு சிலிண்டர். நூறை நெருங்கும் குதிரைத்திறன். ஸ்டியரிங் கம்பத்திலேயே கியர் கோல். அந்தக் கியர் கோலின் உபகாரத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்: தரையில் ஒன்றும் நீட்டிக்கொண்டு நிற்காததனால், சோபா போன்ற முன் ஆசனத்தில் டிரைவரோடு இருவர் தாராளமாக உட்காரலாம், நடுவில் உட்காருகிற பாக்கியம் அநேகமாகக் குடும்பத்தின் கடைக்குட்டிக்கோ, வயது முதிர்ந்த அத்தைக்கோ கிடைக்கும். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணும் வழக்கமே இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பானாலும், அவசரமாகப் பூனா ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும், வாடகைக்குக் கிடைத்த டாட்ஜோ பிளிமத்தோ வந்து வாசலில் நின்றால், தெருவே ஒரு அந்தஸ்து உயர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, பாகங்களையும் இங்கேயே செய்யச் சித்தமாக இருப்பவர்களே தொழிலை நடத்தலாம் என்று 1953இல் சர்க்கார் தீர்மானித்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. குர்லாவில் பெரிய கார்களின் இடத்தைச் சின்ன ஃபியட் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு புதிய அமெரிக்கக் கார் வேண்டுமென்றால், வெளிநாட்டுத் தூதுவர்கள் விட்டுப்போகும் வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விடும் சமயம் பார்த்து, பெரும் பணத்தோடு போய் நிற்க வேண்டும். இம்பாலா கார் என்பது சினிமா நட்சத்திரங்களுக்கும் லக்ஷாதிபதிகளுக்கும் உரிய விருதுபோல் ஆனது அவ்வாறுதான்.

மஸில் கார்களின் சகாப்தம் அங்கே உதயமான 1964இல் இங்கே கதவு சாத்திப் பத்து வருஷம் ஆகிவிட்டிருந்தது. ஒரே குலத்தில் பிறந்தவை எப்படி இரண்டு வழிகளில் பிரிந்தன என்பதற்குப் பிளிமத் ஒன்றே போதிய சாக்ஷி. அமெரிக்காவில் அந்தக் கம்பெனி, கார்ட்டூன் சித்திரத்தில் வரும் ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொள்ள வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, 1968இல் 'ரோட் ரன்னர்' என்ற காரை வெளியிட்டது. கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கு அதில் 426 கன அங்குல ஹெமி இயந்திரத்தைப் பொருத்தி, 425 குதிரைத்திறனையும் கொடுத்தது. அதே பெயர் தாங்கிய இந்தியப் பிளிமத்தோ, பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல், சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, டாக்ஸியாகத் தடதடத்துக்கொண்டு ஓடியது. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து, வேறு வண்டியின் பிரேக்கை இதற்கு இசைத்து, துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி டிங்கர் வேலை பார்த்து, நாற்பது வருஷம் அதை ஓடவைத்த மெக்கானிக்கின் கைத்திறனைப் புஜபலம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது இரண்டு தேசத்துப் பெரிய வண்டிகளுக்கும் ஒருசேர அடி விழுந்தது. காற்றை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சட்டமும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் முன்பே இளைக்க வைத்திருந்த மஸில் கார்கள் அங்கே மறைந்தன. இங்கே வாஜ்பாயி, பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து, பார்லிமெண்டுக்கு மாட்டு வண்டியில் போனார்.

விதியின் விளையாட்டு என்று சொல்லத்தக்கது பின்னர் நடந்தது. நாலு கால் பாய்ச்சலில் பறக்கக்கூடிய வண்டிக்கு ஏற்ற சாலை இந்தப் பக்கத்துக்கு 2002இல் வந்தது. களம்போலியில் தொடங்கும் 94.5 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ் சாலை வந்து முடிகிற இடம், தேஹு ரோட்டை ஒட்டிய கிவளே. ஆறு வருஷங்களுக்குப் பிறகு, 1950-களில் வெளியேறி, இடையே திரும்பி வந்துவிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸே, எங்களுக்கு அடுத்த தளேகாவில் ஆலை வைத்து, ஷெவர்லே என்ற பழைய பெயரில் கார் செய்யத் தொடங்கியது. ஆனால் அங்கே பிறந்தவை ஸ்பார்க், பீட் என்ற சின்னஞ்சிறு வண்டிகள். டீசல் பீட்டின் இயந்திரம் 936 சி.சி.; அறுபதுகளின் ஷெவர்லே செவல் எஸ்.எஸ். 396 ஒன்றின் இயந்திரத்தை உடைத்துப் பங்கிட்டால் ஏறக்குறைய ஏழு பீட்டுகளுக்குக் காணும். அந்த ஆலையும் 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2023இல் அதை வாங்கிக்கொள்ள ஹ்யூண்டாய் கம்பெனியார் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ஆலை ஓடிக்கொண்டிருந்த நாளில் எங்கள் உறவினர் ஒருவர் பீட் கார் வாங்கி, முதல் சவாரிக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்தார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அத்தை, "பிளஷர் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே, பேத்தியின் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள்; அவள் அதைக் கவனியாமல் முன்பக்கம் போய், குனிந்து உள்ளே பார்த்தாள். இரண்டு தனித்தனி ஆசனங்கள். இடையே, அவள் அறுபது வருஷத்துக்கு முன் உட்கார்ந்து போன இடத்தில், கியர் கோல் நின்றுகொண்டிருந்தது. "என் இடத்துல இதை ஏம்ப்பா நட்டு வெச்சிருக்கான்?" என்று அவள் கேட்டாள்.