திருகோணமலைக் கரையில் முதல் வீடு



திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்லும் கரையோர வீதியில், நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் இறக்கக்கண்டி. இத்தகைய ஊரிலே ஒருவன் தன் முதல் வீட்டை எவ்வாறு பெற்றான் என்று வினவினால், விடை சுருக்கமானது: அவன் பெறவில்லை, அவன் மனைவி பெற்றாள். கிழக்கு மாகாணத்துத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பது நெடுங்கால வழக்கு. மணமகன் அவ்வீட்டிற்கு வந்து குடிபுகுவான். பெற்றோர் தம் வளவிலே ஒரு பகுதியைப் பிரித்து வீடெழுப்புவர். இயலாதோர் தாமிருந்த வீட்டையே மகளுக்கு விட்டுப் பின்புறத்துக் கிடுகுக் கொட்டிலுக்கு மாறுவர். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பனின் முதுகு இவ்வழக்கினால் முறிந்ததும் உண்மையே. எனினும், கூலியை மிச்சம் பிடித்து வீடு வாங்குவது என்ற எண்ணமே அங்கு அரிதாயிருந்தது.

வெளியூரிலிருந்து வந்தவனுக்கோ இந்த வழி இல்லை. பிரித்தானியர் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவை அடுத்துப் பெரும் எண்ணெய்க் குதங்களை அமைத்தனர். 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. கடற்படைத் தளத்தில் வேலை தேடிப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். வேலை கிடைத்தது, கூரைதான் கிடைக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1942 இலேயே இலங்கையில் பிறந்தது. அச்சட்டம் வாடகைக்கு எல்லை வகுத்ததேயன்றி, வீட்டைக் கொடுக்கவில்லை. 1957 ஒக்டோபர் 15 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளத்தை நம்பியிருந்த பலருக்கு அத்தோடு வேலையும் போயிற்று.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அவற்றின் கீழுள்ள காணியே அதன் பெரும்பகுதி. காணியின் கதையோ 1840 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று விதித்தது. உறுதி எழுதிப் பழகாத குடியானவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? பின்னர் 1935 இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், ஏழைகளுக்கு அனுமதிப்பத்திரத்தின் பேரில் அரச காணி வழங்கியது. நல்ல நோக்கந்தான். ஆயினும் அக்காணியை நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ இயலாது. ஈடு வைப்பதற்கும் பல தடைகள். உரிமையாளர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லையாயின், காணி முதலில் ஆண்மக்களுக்கே, அவருள்ளும் மூத்தவனுக்கே சென்றது. மகளுக்கு வளவு கொடுக்கும் ஊரிலே மகனுக்குக் கொடுக்கும் சட்டம்! இந்த ஆண்பால் முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேதான் நீங்கியது.

நான் இம்மாவட்டத்துக்கு இடமாற்றம் பெற்று வந்த காலத்தில் இவையொன்றும் அறியேன். வாடகை அறையில் இருந்துகொண்டு, அனுமதிப்பத்திரக் காணித் துண்டொன்றிற்கு விலை பேசி, ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுச் சென்றேன். சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வியும், உறுதியைப் பற்றி ஒன்பது கேள்விகளும் கேட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை இக்கரையோர வீடுகளை வாரிச் சென்றது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டுதலைத் தடுத்தது. தெற்கிலும் மேற்கிலும் தடைவலயம் நூறு மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். வலயத்திற்கு வெளியே முற்றாக அழிந்த வீட்டிற்கு இரண்டரை இலட்சம் ரூபா, கட்டடம் உயர உயரத் தவணையாக வழங்கப்பட்டது. தவணைகளுக்கிடையே சீமெந்தும் மேசன் கூலியும் ஏறிச்சென்றன. வலயத்திற்குள் இருந்தோர் மாற்றுக் காணிக்குக் காத்திருந்தனர்; ஆனால் மீன்பிடிப்பவனைக் கரையிலிருந்து தொலைவில் குடியேற்றினால், தோணியையும் வலையையும் யார் காவல் காப்பது? அவ்வாண்டு முடியுமுன்னரே தடைவலயம் தளர்த்தப்பட்டது. புதிய வீடுகளின் பத்திரங்கள் எழுதப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்ற வரியில் பல இடங்களில் கணவன் பெயரே ஏறிற்று. அலை கொண்டுபோனது மனைவியின் சீதன வீடு; பத்திரத்தில் மீண்டு வந்தது கணவனின் வீடு.

2009 இல் போர் ஓய்ந்தபின் நிலாவெளிக் கரையில் உல்லாச விடுதிகள் பெருகின. புறாத்தீவைக் காண வருவோரும் பெருகினர். உறுதியுள்ள கரையோரக் காணியின் விலை ஆசிரியர் சம்பளத்திற்கும் மீனவர் வருவாய்க்கும் எட்டாத உயரத்திற்குப் போயிற்று. அதே கரையில் பத்திரமற்ற வளவுக்காரர் இன்னும் கச்சேரிக்கு நடக்கின்றனர்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வந்தார் என்று எண்ணினேன். மடித்து மடித்து நைந்த அனுமதிப்பத்திரம் ஒன்றை மேசைமீது விரித்து, “ஐயா, இதிலே மகளின்ர பேரைப் போடலாமெண்டு சொல்லுறாங்கள், ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ” என்றார். எழுதிக் கொடுத்தேன்.