கடல் தாண்டி வந்த வெளிச்சம் – 9: கறுப்பைக் காட்டிய கண்ணாடி

*சென்ற வாரம்: 1990 ஜூலை 11-இல் கொக்காவில் முகாம் வீழ்ந்தது. அங்கிருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையமும் அதோடு போனது. இருபது வருட இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பிய பெரியப்பா, 2011 மார்ச்சில் மன்னார் நகரக் கடையொன்றில் இரண்டு திரைகளுக்கு நடுவே நின்றார். ஒன்று பிளாஸ்மா, மற்றது எல்.சி.டி. "எது நல்லது?" என்ற கேள்விக்குக் கடைக்காரர் வாய் திறக்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்...*

கடை இருண்டது.

குழல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்த கடைக்காரர், வாசல் ஷட்டரையும் பாதிக்கு இறக்கினார். "இப்ப பாருங்கோ ஐயா" என்றார்.

அதுவரை பெரியப்பாவின் கண் எல்.சி.டி.யை விட்டு அகலவில்லை. வெளிச்சமான கடையில் அது பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் நின்ற பிளாஸ்மாவோ மங்கல். அதன் கண்ணாடி முகத்தில் குழல் விளக்குகள் கோடு கோடாகத் தெரிந்தன. பெரியப்பாவின் வெள்ளை வேட்டிகூடத் தெரிந்தது.

இருட்டியதும் எல்லாம் மாறியது. இரண்டு திரையிலும் ஒரே படம்தான்: இரவு நேரத்துக் கடல், நடுவில் ஒரு தோணி விளக்கு. எல்.சி.டி.யில் கடல் சாம்பல் நிறமாக இருந்தது, கறுப்புத் துணிக்குப் பின்னால் யாரோ விளக்குப் பிடித்ததைப் போல. பிளாஸ்மாவில் கடல் கறுத்துக் கிடந்தது. திரை எங்கே முடிகிறது, கடைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கறுப்பின் நடுவே தோணி விளக்கு மட்டும் எரிந்தது.

பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூலஸ்தானத்தில பாக்கிற மாதிரி இருக்கு."

அவர் சொன்னது எங்கள் மாதோட்டத்துத் திருக்கேதீஸ்வரக் கோயில் மூலஸ்தானத்தை. அந்த மார்ச் 2-ஆந் தேதிதான் சிவராத்திரி. நான்கு சாமமும் கண் விழித்து, பாலாவித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து மகாலிங்கத்துக்கு அபிஷேகம் செய்துவிட்டு வந்த மனிதர். சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் தீபத்துக்கு முகம் உண்டு என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? அதை அறிய 47 வருடங்கள் பின்னே போகவேண்டும்.

வாயுவும் கரட்டும்

1964, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம். பிளேட்டோ என்ற பெயரில், மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் கணினி ஒன்றை டொனால்ட் பிட்ஸர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தலைவலி. அக்காலப் படக்குழாய்த் திரையில் ஒரு எழுத்து நிலைத்து நிற்க, அதை ஒரு நொடியில் பல தடவை திரும்பத் திரும்ப எழுதவேண்டும். அதற்கு வேண்டிய நினைவகம் அன்று பெரும் விலை. ஒருமுறை ஏற்றினால் தானாகவே எரிந்துகொண்டிருக்கும் திரை கிடைக்காதா? பிட்ஸர், ஜீன் ஸ்லொட்டோ, அவர்களின் மாணவர் ரொபர்ட் வில்சன் ஆகிய மூவரும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வாயுவை அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு சிறு அறை எரிந்தது. அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருந்தது. பிளாஸ்மா திரை பிறந்தது வகுப்பறைக்காகத்தான்.

வீட்டு வரவேற்பறைக்கு வர அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. இலட்சக்கணக்கான நுண்ணறைகள், ஒவ்வொன்றிலும் நியோன், செனன் வாயுக்கள். மின்சாரம் பட்டால் வாயு புற ஊதாக் கதிரை உமிழும். அந்தக் கதிர் அறையின் சுவரில் பூசிய பொஸ்பரில் பட்டுச் சிவப்பாக, பச்சையாக, நீலமாக ஒளிரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கு ஏறக்குறைய அணைந்தே விடும். கடையில் பெரியப்பா கண்ட கடல் அதுதான்.

எல்.சி.டி.யின் கதை இன்னும் பழையது, தொடங்கியது கரட்டில். 1888-இல் பிராக் நகரத்துத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கரட்டிலிருந்து பிரித்த கொலஸ்ட்ரோல் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 பாகையில் அது உருகியது, ஆனால் கலங்கலாக நின்றது. 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? இடையிலிருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் பளிங்கு: நீர்போல ஓடும், பளிங்குபோல ஒழுங்காக அடுக்கி நிற்கும். மின்சாரம் கொடுத்தால் அந்த அடுக்கு திரும்பும். வெளிச்சத்தை விடும் அல்லது மறிக்கும். 1968-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் அதைத் திரையாக்கிக் காட்டினார். 1973-இல் ஷார்ப் அதைச் சட்டைப்பைக் கணிப்பானில் வைத்தது.

ஆனால் திரவப் பளிங்கு தானாக ஒளிராது. அது யன்னல் திரைச்சீலை மாதிரி. பின்னால் ஒரு விளக்கு வேண்டும். அந்த நாட்களில் பெரும்பாலான எல்.சி.டி.க்களில் அது மெல்லிய குழல் விளக்கு. படத்தில் இரவு வந்தாலும் அந்த விளக்கு அணையாது. சீலை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கடையில் கண்ட சாம்பல் கடலின் இரகசியம் அதுதான்.

மாதோட்டத்துக் கணக்கு

"தம்பி, உங்கட வீட்டில எத்தினை பேர் பாப்பினம்?" கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

ரீவி வாங்கப் போகிறவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆனால் மேட்ச் என்றால் ஒழுங்கையே வரும். வயதானவர்கள் கதிரையில், பிள்ளைகள் பாயில், இளைஞர்கள் விறாந்தைத் தூணில் சாய்ந்து நிற்பார்கள். மலிவான எல்.சி.டி.யைப் பாயிலிருந்து அண்ணாந்து பார்த்தால் முகங்கள் கறுக்கும். ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். பிளாஸ்மாவுக்கு ஓரமும் இல்லை, நடுவும் இல்லை. வேகமாக ஓடும் பந்து எல்.சி.டி.யில் வால் முளைத்துத் தெரியும். பிளாஸ்மாவில் உருண்டையாகவே தெரியும்.

மறுபக்கக் கணக்கும் இருந்தது. பிளாஸ்மா பெரும்பாலும் 42 அங்குலமும் அதற்கு மேலும்தான். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனம். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும், பின்பக்கம் கொதிக்கும். பகலில் யன்னலைத் திறந்தால் மன்னார் வெயில் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்ட எண்ணிக்கைப் பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால், அதன் தழும்பு திரையிலேயே தங்கிவிடக்கூடும். உப்புக் காற்று இரண்டையும் சமமாகவே அரிக்கும்.

ரொறன்ரோவிலிருந்த பெரியப்பாவின் மகன் அங்கிருந்தே பெட்டி அனுப்புவதாகச் சொன்னான். பெரியப்பா மறுத்துவிட்டார். அங்கே 120 வோல்ற்று, எங்களுக்கு 230. ஒளிபரப்பு முறையும் வேறு. லண்டன் பெட்டியாக இருந்தால் படம் வரும், குரல் வராது. அங்கே ஒலி வேறு இடைவெளியில் வந்தது. இந்தியாவும் இலங்கையுமோ ஒரே முறையை எடுத்துக்கொண்டன. எங்கள் அன்ரெனாவுக்குக் கடல் ஒருபோதும் எல்லையாக இல்லாததற்கு அதுவே காரணம்.

பெரியப்பா பிளாஸ்மாவைக் காட்டினார். "ஊர் வந்து இருந்து பாக்கட்டும்" என்றார். இருபது வருடம் சிதறிக் கிடந்த ஊரை ஒரு திண்ணையில் கூட்ட நினைத்த மனிதரின் தெரிவு அது. அவர் வாங்கியது பெட்டியை அல்ல, பாய் விரிக்க ஒரு காரணத்தை.

ஏப்ரல் 2, இரவு

உலகக் கிண்ண இறுதி ஆட்டம். மும்பையில் இலங்கையும் இந்தியாவும். கொக்காவிலில் 174 மீற்றர் புதுக் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. அது திறக்கப்பட்டது ஜூன் 6-இல்தான். ரூபவாஹினியின் தாய்க் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை எங்களிடமிருந்து 230 கிலோமீற்றருக்கு மேல். ராமேஸ்வரத்தின் 323 மீற்றர்க் கோபுரமோ கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஆகவே கமுக மரத்தில் கட்டிய அன்ரெனாவை வடமேற்கே திருப்பினோம். இலங்கை ஆடிய இறுதி ஆட்டத்தை எங்கள் ஒழுங்கை தூர்தர்ஷனில் பார்த்தது.

மகேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103. இலங்கை 274. விறாந்தை ஆர்ப்பரித்தது. இரவானதும் இந்தியா ஆட வந்தது. இரண்டாவது பந்திலேயே சேவாக் போனார். வான்கடே மைதானத்துக்கு மேலிருந்த வானம் எங்கள் சுவரில் மைபோலக் கறுத்துத் தொங்கியது. 18 ஓட்டங்களில் சச்சினும் மலிங்கவின் பந்தில் விக்கெட் காப்பாளர் சங்கக்காரவிடம் பிடி கொடுத்தார். ஒழுங்கை எழுந்து நின்றது.

அந்தக் கணத்தில் திரையின் கறுப்பு பெருகி, அறையையே விழுங்கியது. கரண்ட் நின்றுவிட்டது.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்னப் பிள்ளை வேலிப்பக்கம் கை காட்டியது. பக்கத்து வீட்டு யன்னலில் நீலமான ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ஆசிரியர் வாங்கியிருந்த 22 அங்குல எல்.சி.டி., பழைய கார் பற்றரியிலும் இன்வேர்ட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஊர் வேலி தாண்டியது. கடைசியாகப் பெரியப்பாவும் எழுந்தார். ஓரத்தில் நின்றவர்களுக்கு நிறம் வெளிறித்தான் தெரிந்தது, கறுப்பு சாம்பலாகத்தான் இருந்தது. ஆனாலும் தோனியின் கடைசிச் சிக்ஸரை எங்கள் ஒழுங்கை அந்தச் சாம்பல் வானத்தில்தான் கண்டது.

வென்றவர்கள் விடைபெற்றார்கள்

எங்கள் ஒழுங்கையில் அன்று நடந்தது உலகத்திலும் நடந்துகொண்டிருந்தது. பயனியர் நிறுவனம் தன் பிளாஸ்மாவுக்கு வைத்த பெயர் 'குரோ'. ஜப்பானிய மொழியில் கறுப்பு. அக்காலத்தின் மிகச் சிறந்த படம் என்று போற்றப்பட்ட அந்தத் திரையை, 2009 பெப்ரவரியில் கைவிடுவதாகப் பயனியர் அறிவித்தது. 2013 அக்டோபர் 31-இல் பனசோனிக்கும் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னது. 2014-இல் சாம்சங்கும் எல்.ஜி.யும் பின்தொடர்ந்தன. இருட்டைக் காட்டத் தெரிந்த திரை, மின்சாரம் இழுக்கும் கணக்கிலும் தயாரிப்புச் செலவிலும் தோற்றது. தரத்தில் தோற்கவில்லை. இதைப் பெரியப்பாவின் சார்பில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் அந்த இரவின் கதை இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா பக்கத்து வீட்டுக்குப் போனார். இரவு முழுக்க ஓடிய அந்தச் சின்னப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். நெருப்பாகக் கொதிக்கும் என்று எதிர்பார்த்தவர் புருவம் சுருக்கினார். வெதுவெதுப்புத்தான் இருந்தது.

"குழல் லைற் எரியிற பெட்டி இப்பிடிக் குளிராதே... உள்ளுக்க என்ன எரியுது?"

உள்ளே எரிந்தது குழல் விளக்கே அல்ல. மணியளவான வெள்ளை டயோட் விளக்குகள். வெள்ளைக்கு அடிப்படை நீலம். சிவப்பு டயோட் 1962-இலேயே ஒளிர்ந்துவிட்டது. பச்சையும் வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருடங்களாக உலகத்து ஆய்வுகூடங்களை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்கக் கிளம்பியவர் ஜப்பானின் தொகுஷிமாவில், பொஸ்பர் செய்யும் ஒரு சிறிய கம்பனியின் ஊழியர். பெயர் ஷுஜி நகமுரா. ஆய்வை உடனே நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார்.

அந்த உத்தரவை அவர் என்ன செய்தார்?

*(அடுத்த வாரம்: நீலத்தைத் தேடிப் போனவர்)*