நெல்லியும் நாட்டின் மறதியும்

அஸ்ஸாமில், பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில், நெல்லி என்றோர் ஊர் உண்டு. 1983 பிப்ரவரி 18ஆம் நாள் காலை தொடங்கிப் பிற்பகல் வரை, அவ்வூரைச் சுற்றியுள்ள 14 சிற்றூர்கள் தாக்கப்பட்டன. மாண்டோர் தொகை அரசுக் கணக்கிலேயே 2,000ஐ ஒட்டி நிற்கிறது. 3,000க்கும் மேல் என்பது பிறர் மதிப்பீடு. ஓட இயலாத பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமே அவர்களுள் மிகுதி.

கொல்லப்பட்டோர் வங்காள வழி முஸ்லிம் உழவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் தரிசைத் திருத்திச் சணல் பயிரிடக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். தாக்கியோருள் பெரும்பகுதியினராகக் கூறப்படும் திவா பழங்குடியினரும் நிலமிழந்து நலிந்தவர்களே. அயலார் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி 1979 முதல் அங்கே கிளர்ச்சி நடந்து வந்தது. நீக்காமல் தேர்தல் கூடாது என்றனர் கிளர்ச்சியாளர். நடத்தியே தீருவோம் என்றது தில்லி. ஆயுதங்களுடன் கூட்டம் திரள்வதாக மூன்று நாட்களுக்கு முன்பே காவல்துறையின் கம்பியில்லாச் செய்தி சென்றிருந்தது. வாக்குச் சாவடிகளைக் காக்கப் படைகளைக் குவித்த அரசு, வாக்களித்த ஏழைகளைக் காக்கத் தவறிற்று.

அதன்பின் நிகழ்ந்தவையே நம் சிந்தனைக்கு மிகவும் உரியவை. 688 வழக்குகள் பதிவாயின. 310இல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 1985இல் அஸ்ஸாம் ஒப்பந்தம் கையெழுத்தானபின் அவையும் கைவிடப்பட்டன. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஓர் உயிருக்கு 5,000 ரூபாய் இழப்பீடாயிற்று. திவாரி ஆணையம் 1984இல் அளித்த அறிக்கை நாற்பதாண்டுகளுக்கு மேல் மக்கள் கண்ணிற்படாமலே கிடந்தது. சாட்சியத்தை மறைப்பவனின் நெஞ்சம் பாவத்திற்குரியது என்பது நம் மார்க்கத்தின் தீர்ப்பு. ஓர் அரசே சாட்சியத்தை மறைப்பின் அதை என்னென்பது?

தொலைவும் வறுமையும் மட்டுமே இம்மறதிக்குக் காரணங்களல்ல. 'அவர்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்குமுன், 'அவர்கள் இந்நாட்டவர்தாமா?' என்று நாடு கேட்டது. முதற்கேள்விக்குரிய விடை அந்த ஐயத்திலேயே புதைந்துபோயிற்று. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் விதியோ உயிர்ப் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டும் வரையறுக்கவில்லை. எவருடைய உயிரையும் சட்டத்தின் நெறியாலன்றிப் பறித்தலாகாது என்றே விதிக்கிறது. மாண்டவன் எந்நாட்டவன் ஆயினும் கொலை கொலையே. இதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கையில், நெல்லியின் பெயரையும் சேர்த்தே கற்பிப்போமாக.