விளக்கெரிந்த டிரம்கள்



வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் இல்லை என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். இன்று அதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் சிலர் தேடித்தேடிச் சேர்க்கும், தோலில் ஓவியம் தீட்டிய பழைய பேஸ் டிரம்கள்.

1909-ல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் வேகமாக இயங்கும் டிரம் பெடல் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். உட்கார்ந்த ஒரே ஆள் காலால் பெரிய டிரம்மையும் கையால் சின்ன டிரம்மையும் வாசிப்பது எளிதாயிற்று. பெரிய டிரம் சபையைப் பார்த்து நின்றது. 28 அங்குல வெள்ளைத் தோல், சும்மா விடுவார்களா? 1920-களில் நிலவொளியில் ஏரி, பனிமலை, அந்திச் சூரியன் என்று வரைந்தார்கள். குழுவின் பெயரையும் எழுதினார்கள்.

உள்ளே ஒரு பல்பு எரியும். அது அழகுக்கு மட்டும் அல்ல. அன்று டிரம்முக்குக் கன்றுத் தோல்தான். ஈரக்காற்றில் அது தொய்ந்து நாதம் இறங்கிவிடும். பல்பின் சூடு தோலை விறைப்பாக வைத்தது. நம் ஊரில் பறையை நெருப்பில் காய்ச்சுகிறார்களே, அதே காரணம்தான்.

1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் வந்தது. பல்புக்கு வேலை போயிற்று. கிழிந்த பழைய தோல்கள் குப்பைக்குப் போயின. ஓவியமும் பெயரும் கூடவே போயின.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது டிரம்மில் இருந்த பெயர் எழுதிய முகப்பு, 2015-ல் 21 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. புகழ் பெற்றவர்களுக்கு ஏலம் உண்டு. சிற்றூர் நடனக் கூடத்தில் வாசித்த குழுவுக்கோ, அந்தத் தோல் ஒன்றே சாட்சியாக இருக்கலாம்.

அதனால்தான், மங்கிய ஓவியத்தின் மேல் புது வண்ணம் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். பளபளப்பு வரும், சாட்சி போய்விடும். வாசிக்க ஆசையென்றால் வேறு தோல் மாட்டிக்கொள்ளலாம். பழையதைக் கழற்றி வெயில் படாமல் வைக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பெயர் எழுதிய பழைய வாத்தியமோ, கடைப் பலகையோ இருந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். முதலில் ஒரு படம் எடுத்து, யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசை.

உங்கள் வரலாற்று ஆசிரியர்