கடாரத்துக் கற்களும் கதை கேட்கும் சிறுவரும்

கடாரம் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழர் நம்மிடையே இலர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்ததை மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும், சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் வளரும் நம் சிறுவரை அருகிலுள்ள மெர்போக் அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றால், சிறிது நேரத்தில் சலித்துப் போகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, ஆண்டையும் அரசனையும் ஒப்பிக்கச் சொல்லும் நம்முடையதே. கதையை அரசனிடமிருந்து தொடங்காமல், கண்முன் கிடக்கும் கல்லிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

ஜெராய் மலையின் தென் அடிவாரத்தில் 1980இல் திறக்கப்பெற்ற அவ்வரும்பொருளக வளாகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. குவாரிச் வேல்ஸ் 1936-37இல் ஆராய்ந்த இக்கோயிலை, 1959-60இல் அலஸ்டர் லாம்ப் சீரமைத்தார். ‘பத்து பஹாட்’ என்னும் மலாய்ச் சொற்களுக்கு உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். பெயரே கதைக்கு வாயிலாகிறது. “வீடு உண்டு, கூரை இல்லை, மிதியடி உண்டு, கால் இல்லை. அஃது என்ன?” என்று விடுகதை போட்டுப் பிள்ளைகளைத் தேடவிடுவோம். மண்டபத் தரையில் உள்ள தூண்பீடங்களை அவர்களே கண்டுபிடிப்பர். மரத்தூணும் கூரையும் மழைக்கும் கரையானுக்கும் இரையாயின. கல் மட்டும் எஞ்சியது. பழைய லயத்து வீடுகளைப் பார்த்த பிள்ளைக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

கோயிலின் அடியில் பொன்னும் மணியும் இட்டுப் புதைத்த கற்பேழைகள் அடுத்த கதை. “நம் வீட்டில் நிலை வைக்கும்போது அதன் அடியில் என்ன இட்டார்கள்? பாட்டியிடம் கேட்டு வா” என்று அனுப்பினால், அரும்பொருளகக் கதை அடுப்பங்கரை வரை தொடரும். 2009 முதல் அகழப்பட்ட சுங்கை பத்துவின் இரும்புருக்கு உலைகளோ, துருத்தி ஊதி விளையாடவே ஏற்றவை.

எனினும், கதை கட்டுக்கதை ஆகலாகாது. இக்கோயில்களை இராசேந்திரன் கட்டினான் என்பதற்குச் சான்றில்லை. அவன் தந்தை இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியவர்கள் கடாரத்து அரசர்களே. அதற்கு ஆனைமங்கலத்தை வழங்கியவன் இராசராசன். போருக்கு முன் நட்பும் இருந்தது என்பதைப் பிள்ளைகள் அறியட்டும். வென்ற கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, இந்நிலத்தின் பெருமையைப் பாதியே அறியும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013இல் நாட்டையே அதிர வைத்தது. இடித்த பின்னர் எழுந்த கூக்குரலால் கற்கள் மீளவில்லை. அதற்கு முன் அந்தச் சண்டியின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? கதை தெரிந்த கல்லுக்குக் காவலர் பலர். கதை தெரியாத கல் வெறுங்கல்லே. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு பிள்ளையின் கையைப் பற்றி மெர்போக்கிற்கு அழைத்துச் செல்வோம். ஒரு விடுகதையுடன் தொடங்குவோம்.