காக்கிச் சீருடையும் தோட்டத்து நினைவும்: லிந்துலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

போரில் உயிர்நீத்தோரை நினைவுகூரும் நாளில், பள்ளி மாணவர்கள் படைச் சீருடை அணிந்து நினைவுத்தூணின் அருகே அணிவகுத்து நிற்பது, பிரித்தானிய ஆட்சிக் காலத்திலிருந்து இலங்கையில் தொடர்ந்துவரும் வழக்கங்களுள் ஒன்று. பேச்சில் 'கடேற்' என்றும் அரச வழக்கில் 'பயிலிளவல்' என்றும் குறிக்கப்படும் இம்மாணவர் அணிகளின் வரலாறு பெரும்பாலும் கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்களின் பெருங்கல்லூரிகளை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றை நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள லிந்துலையிலிருந்து நோக்கும்போது, அந்தச் சீருடையை அணியும் வாய்ப்பு எவருக்குக் கிடைத்தது, எவருடைய மரணம் பொது நினைவாக ஏற்கப்பட்டது என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்து எழுகின்றன. மலையகத்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒரே வாயிலின் வழியாகவே வழங்கப்பட்டன. அவ்வாயில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அடைபட்டிருந்தது.

லிந்துலை, தலவாக்கலைக்கு அண்மையில், அக்கரப்பத்தனை நோக்கி விரியும் பழைய திம்புள்ள தேயிலை வட்டாரத்தைச் சேர்ந்தது. 1869 முதல் பரவிய இலைத்துரு நோயால் கோப்பிப் பயிர் அழிந்தபின் இச்சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியதும் தோட்டங்கள் விரைந்து பெருகின. காட்டை வெட்டியவர்களும், பாதை அமைத்தவர்களும், கொழுந்து பறித்தவர்களும் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் எனப்பட்ட ஆட்சேர்ப்பாளர்களால் அழைத்துவரப்பட்ட தமிழர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த அவர்களுள் பல்லாயிரவர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாகி வழியோரங்களிலேயே புதையுண்டனர். அவர்களுக்குக் கல்லறையும் எழுப்பப்படவில்லை, பெயர்ப்பட்டியலும் எழுதப்படவில்லை.

இலங்கையில் மாணவர் படை 1881ஆம் ஆண்டில் தோன்றியது. கொழும்பு ரோயல் கல்லூரியின் அதிபராக இருந்த ஜோன் பி. கல், அவ்வாண்டில் உருவாக்கப்பட்ட இலங்கை இலகு காலாட் தொண்டர் படையோடு இணைந்ததாக ஒரு மாணவர் அணியை அமைத்தார். தொண்டர் படை என்பது, தத்தம் தொழிலில் இருந்தவாறே பகுதிநேரமாகப் பயிற்சி பெற்று, தேவை எழும்போது அழைக்கப்படும் குடிமக்களின் அணி. இங்கிலாந்தில் 1859ஆம் ஆண்டளவில், பிரெஞ்சுப் படையெடுப்பு நேரக்கூடும் என்ற அச்சத்தால் எழுந்த தொண்டர் இயக்கமும், அதனையொட்டி அங்குள்ள பள்ளிகளில் தோன்றிய மாணவர் அணிகளுமே இதற்கு முன்மாதிரியாயின. 1902இல் இலங்கை மாணவர் படைப்பிரிவு தனியலகாக அமைக்கப்பட்டு, தியத்தலாவையில் நடைபெற்ற பயிற்சி முகாம்கள் வழியாக உறுதிபெற்றது. ஆயினும் அதில் இடம்பெற்றவை ஆங்கில வழிக் கல்வியளித்த இடைநிலைக் கல்லூரிகளே. வருங்கால அதிகாரிகளையும் எழுத்தர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கிய அக்கல்லூரிகளில், காக்கி உடையும் அணிநடையும் ஆளும் வர்க்கத்திற்குரிய ஒழுக்கப் பயிற்சியின் பகுதியாகவே கருதப்பட்டன.

மலையகத்திலும் இதே காலத்தில் ஒரு படைச் சீருடை காணப்பட்டது; அதை அணிந்தவர்கள் தோட்டத் துரைமார். 1900இல் உருவாக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐரோப்பியர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட தொண்டர் படையாகும். முதலாம் உலகப்போர் மூண்டதும், 1914 ஒக்டோபரில், 8 அதிகாரிகளும் 229 ஏனையோரும் கொண்ட அதன் அணியொன்று மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் எகிப்துக்குக் கப்பலேறியது. அவர்களுள் ஒரு பகுதியினர் 1915இல் கலிப்பொலிப் போர்முனையில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகப் பணியாற்றினர். அப்படையைச் சேர்ந்த ஏறக்குறைய 80 பேர் அப்போரில் மாண்டனர். அவர்களுடைய இழப்பும், அவர்தம் குடும்பங்களின் துயரும் உண்மையானவை. அவற்றை எந்த வரலாறும் குறைத்து மதிப்பிடலாகாது. அந்தத் துயருக்குப் பொதுவெளியில் ஓர் இடம் கிடைத்தது என்பதும் இங்கே கருதத்தக்கது.

அந்த இடத்தை வடிவமைத்தவை 1919க்குப் பின் பேரரசெங்கும் பரவிய சடங்குகள். போர் ஓய்ந்த நவம்பர் 11 அன்று முற்பகல் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், 1921 முதல் பொப்பி மலர் விற்பனை, எக்காளக் குழலின் இறுதி அழைப்பு, மலர்வளையம், தலைகீழாகப் பிடித்த துப்பாக்கி ஆகியவை அவற்றின் கூறுகள். கொழும்பில் எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்த போர் நினைவுத்தூண் 1923இல் காலிமுகத்திடலில் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, இன்று விகாரமகாதேவி பூங்கா எனப்படும் அன்றைய விக்டோரியா பூங்காவில் மீண்டும் எழுப்பப்பட்டது. இத்தகைய தூண்களைச் சுற்றிச் சீருடையோடு நின்ற மாணவர்கள், தம் கல்லூரியின் பழைய மாணவர் பெயர்களைக் கல்லில் படித்து, தாமும் அந்த மரபின் வாரிசுகள் என்று உணரப் பழக்கப்பட்டனர். பெயர் பொறித்த கல்லும், அதன்முன் நிற்கும் இளையவரும் சேர்ந்தே நினைவைத் தலைமுறை கடத்தினர்.

தோட்டத்துப் பிள்ளைகளோ அக்காலத்தில் இடைநிலைப் பள்ளியின் வாயிலையே கண்டதில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துச் சிறுவருக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது; 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை வலியுறுத்தியது. நடைமுறையில், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளுக்கு அருகே ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே கொண்ட பள்ளிகளே பெரும்பாலான தோட்டங்களில் இயங்கின. சில ஆண்டுகள் படித்தபின் பிள்ளைகள் பெரட்டுக்குப் போயினர். பெரட்டு என்பது, விடியற்காலையில் தொழிலாளர்கள் களத்தில் கூடி, பெயர் பதிந்து, மலைகளுக்குப் பிரித்து அனுப்பப்படும் தோட்டத்து முறை. 1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. இந்நிலையில், மாணவர் படையில் தோட்டத்துச் சிறுவர் இடம்பெறும் வாய்ப்பே எழவில்லை.

நினைவுகூரலில் நிலவிய இந்த ஏற்றத்தாழ்வை இலங்கையர் கேள்விக்குட்படுத்தாமல் இருக்கவில்லை. பொப்பி மலர் விற்பனையில் திரட்டிய பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டது. அதனை எதிர்த்து, முன்னாள் படைவீரரான ஈலியன் பெரேரா, உள்ளூர்ப் படைவீரர்களின் நலனுக்காக அதே நாளில் சூரியமல் விற்கும் முயற்சியைத் தொடங்கினார். சூரியமல் என்பது தமிழர் பூவரசம்பூ என்றழைக்கும் மஞ்சள் மலர். 1933 முதல் இளைஞர் கழகத்தினர் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தனர். பின்னர் டொரீன் விக்கிரமசிங்க என அறியப்பட்ட டொரீன் யங் அதன் தலைவராக இருந்தார். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தனர். அவர்களுள் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அக்கட்சியினர் வழிநடத்திய தொழிற்சங்கப் போராட்டத்தின்போது, 1940 ஜனவரி 10 அன்று, ஹேவாஹெட்ட பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நினைவுநாளின் மலரைப் பற்றி எழுந்த விவாதம் பத்தாண்டுக்குள் தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்தைத் தொட்டது; அப்போராட்டம் மலையக மக்களுக்குத் தமக்கென நினைவுகூரத்தக்க ஒரு பெயரை அளித்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபின், இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமான எண்ணிக்கைகளாகப் பிரித்தது. குடும்பங்கள் பிளந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. குடியுரிமை இல்லாதவருக்கு அரசின் படையோ அதன் நினைவுச் சடங்கோ உரியதாக இருக்க இயலாது. 1977 மே 11 அன்று, தோட்டக் காணிகள் பிரித்தளிக்கப்படுவதை எதிர்த்துத் தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் தொழிலாளர் திரண்டபோது, சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். லிந்துலை வட்டாரத்துக்கு மிக அண்மையில் நிகழ்ந்த அம்மரணத்தை மலையக அமைப்புகள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. அந்நினைவைக் காத்துவந்தோர் தொழிற்சங்கத்தினரும் எழுத்தாளரும் ஆசிரியருமாவர். அதற்கு அரச அணிவகுப்பு ஏதும் இல்லை.

மாற்றம் பள்ளியின் வழியாகவே வந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரச பாடசாலை முறையில் இணைக்கப்பட்டன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. மாணவர் படையும் 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய பயிலிளவல் படையணியாக மறுசீரமைக்கப்பட்டது. ஆசிரியர்களே அதில் அதிகாரிகளாகப் பொறுப்பேற்கும் முறை தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. இவ்வாறு, 1881இல் தொடங்கிய ஒரு மரபில் சேரும் தகுதி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கடந்தே தோட்டத்து மாணவருக்குக் கைகூடியது.

ஆயினும் அத்தகுதி எளிய மனத்தோடு ஏற்கத்தக்கதாக வரவில்லை. 1983 ஜூலை வன்செயல் மலையகத் தமிழரையும் தாக்கியது. தொடர்ந்த போர்க்காலத்தில் சீருடை அணிந்தவரின் சோதனைச் சாவடிகளும் கைதுகளும் தோட்டத்து இளைஞரின் அன்றாட அச்சமாயின. அந்த அனுபவத்தைச் சுமந்த பெற்றோர், தம் பிள்ளை காக்கி உடுத்துவதைக் கண்டு பெருமையோடு தயக்கமும் கொள்வது இயல்பே. அத்தயக்கத்தை மதித்து, நினைவுகூரல் எவருடைய வெற்றிக்குமான கொண்டாட்டம் ஆகாமல், இழந்த உயிர்களுக்கான மரியாதையாக நிலைக்குமாறு காப்பது பள்ளிகளின் பொறுப்பாகும்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவதையொட்டி, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது; முன்னோர் நடந்து மடிந்த வழியே அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தனர். நினைவுத்தூண் இல்லாத மக்களுக்குப் பாதையே நினைவுச் சின்னமாக முடியும் என்பதை அப்பயணம் காட்டியது. லிந்துலை வட்டாரத்துப் பள்ளியொன்றில் மாணவர் படைச் சீருடையோடு நினைவுநாள் கடைப்பிடிக்கப்படுமாயின், கலிப்பொலியில் மாண்ட துரைமாரோடு, மன்னார் வழியில் வீழ்ந்தோரும், கோவிந்தனும், சிவனு லெட்சுமணனும் அங்கே பெயர்சொல்லி நினைக்கப்பட வேண்டும். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் நாட்டின் சீருடையை அணியும் உரிமை, அச்சமூகத்தில் இறந்தோர் நாட்டின் நினைவில் இடம்பெறும் உரிமையோடு சேர்ந்தாலன்றி முழுமை பெறாது. முன்னதைச் சட்டங்கள் வழங்கிவிட்டன, பின்னதை வழங்கும் ஆற்றல் வகுப்பறைக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் உண்டு.