வீட்டுச் சமையல் விற்பனையும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும்

வீட்டு அடுப்பில் சமைத்த உணவுக்குக் கைபேசியில் ஆர்டர் பெற்று விற்கும் பழக்கம் இந்தியாவில் 2020ஆம் ஆண்டு கொரோனா பொதுமுடக்கத்தின்போது பெருகியது. காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு சாப்பாடு கொடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது உணவுத் தொழில்தான். ஆனால் அத்தொழிலுக்கான விதிகள் வீட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. தள்ளுவண்டிக்காரருக்கும் தெருவோரக் கடைக்காரருக்கும் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் வீட்டில் சமைத்து விற்பவர்கள் சட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

இணையத்துக்கு முன்

இத்தொழிலின் முன்னோடிகளாக மும்பை டப்பாவாலாக்களைச் சொல்வது வழக்கம். இது பொருத்தமில்லை. அவர்கள் பெரும்பாலும் ஒரு வீட்டின் சாப்பாட்டை அதே வீட்டைச் சேர்ந்தவரிடம் கொண்டு சேர்ப்பவர்கள். உண்மையான முன்னோடிகள் மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்குத் தம் வீட்டிலேயே சமைத்துப் போட்டு மாதக் கணக்கில் பணம் வாங்கிய பெண்கள். கடனில் மூழ்கியிருந்த அவர்களைத் திரட்டி 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். சென்னையில் திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் வீட்டோடு நடந்த மெஸ்களும் இவ்வகையே.

அன்றைய சட்டத்தின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954இல் நிறைவேறி 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் சாயம், எண்ணெயில் மலிவு எண்ணெய் ஆகியவையே அச்சட்டங்களின் எதிரிகள். ஆய்வாளர் மாதிரி எடுப்பார், ஆய்வகம் சோதிக்கும், வழக்கு நடக்கும். கலப்படமே இல்லாத நல்ல அரிசியில் வடித்த சோறும் ஒருவரை நோயில் தள்ளலாம் என்பது அந்த ஏற்பாட்டின் மையத்தில் இல்லை.

சோறு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோற்றை அறை வெப்பத்தில் பல மணிநேரம் வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. வீட்டில் வடித்தவுடன் உண்பவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. பத்து மணிக்குக் கட்டிய பொட்டலத்தை இரண்டு மணிக்குப் பிரிப்பவருக்குத்தான் சிக்கல். வீட்டுச் சாப்பாடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, அடுப்புக்கும் இலைக்கும் இடையே நேரம் கூடும்போது வலுவிழந்துவிடுகிறது.

2006ஆம் ஆண்டுச் சட்டம்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் நிறைவேறியது. இதன் விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தன. உணவுப் பொருளைப் பார்த்த சட்டம் இப்போது உணவு தயாராகும் இடத்தையும் பார்க்கத் தொடங்கியது. லாபத்துக்காக நடந்தாலும் நடக்காவிட்டாலும் உணவு தயாரிப்பும் விற்பனையும் உணவுத் தொழிலே என்று அது வரையறுத்தது.

எல்லோரிடமும் உரிமம் கேட்டால் கோடிக்கணக்கான சிறு வியாபாரிகள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆவார்கள். ஆகவே 31ஆம் பிரிவு சிறு தயாரிப்பாளர், சில்லறை விற்பவர், தலைச்சுமை வியாபாரி, குடிசைத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்து, பதிவு மட்டும் போதும் என்றது. 2011 விதிமுறைகள் இதற்கு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் என்ற வரம்பையும் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தையும் வைத்தன. இது லாபக் கணக்கு அல்ல, வரவுக் கணக்கு. சாப்பாடு 100 ரூபாய் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 33 சாப்பாடு விற்பவர் வரம்பைத் தொட்டுவிடுவார்.

இடத்தை அல்லாமல் அளவைப் பார்த்ததே இவ்விதியின் சிறப்பு. வீட்டில் சமைத்து விற்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. இணையப் பதிவில் வீட்டு உணவகங்களுக்கும் டப்பாவாலாக்களுக்கும் சேர்த்து ஒரு வகையே ஒதுக்கப்பட்டது. குடிநீர்த் தரத்தில் தண்ணீர், சுத்தமான பாத்திரம், வெட்டிய நகம், தொற்றுநோய் உள்ளவர் சமைக்காமை என நான்காம் அட்டவணை சொல்வதில் பெரும்பகுதியை ஒழுங்கான வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்.

குறை வேறிடத்தில் இருந்தது. விண்ணப்பித்த 7 நாளில் பதிவு தர வேண்டும், மறுக்க வேண்டும் அல்லது ஆய்வுக்கு அறிவிப்பு தர வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு உண்டு என்பதும் விதியே. எனினும் ஒரு வட்டாரத்தின் அத்தனை கடைகளையும் பார்க்க வேண்டிய அலுவலர், அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிச் சமையலறைக்கு எப்போது வருவார் என்று கேட்பது நியாயமான கேள்வி.

உரிமம் பெற வேண்டியவர் பெறாமல் தொழில் செய்தால் 6 மாதம் வரை சிறை என்ற 63ஆம் பிரிவு சிறு தொழில் செய்வோரை விலக்கியது. 65ஆம் பிரிவோ அப்படி விலக்கவில்லை. உணவால் ஒருவர் இறந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு என்று அது சொன்னது. வீட்டில் சமைத்து விற்பவரின் ஆண்டு வரவில் அது எத்தனை பங்கு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இணையத் தளங்கள்

2017 பிப்ரவரியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணையவழி உணவுத் தொழிலுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2018இல் ஸ்விக்கி, சொமேட்டோ உள்ளிட்ட 10 தளங்களுக்கு, உரிமமோ பதிவோ இல்லாத விற்பனையாளர்களை நீக்கும்படி உத்தரவிட்டது. சில மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் நீக்கப்பட்டன. அலுவலர் செய்ய முடியாத சரிபார்ப்பில் ஒரு பகுதி இவ்வாறு தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது. அவர்கள் பார்த்தது 14 இலக்கப் பதிவு எண்ணை. அடுப்பங்கரையை அல்ல.

இதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. அங்கே வீட்டில் சமைத்த சூடான சாப்பாட்டை விற்பதே சட்டவிரோதம். ஓக்லண்டில் தொடங்கிய ஜோசஃபின் என்ற இணையத் தளத்தின் சமையலாளர்களுக்கு 2016இல் தடை அறிவிப்புகள் போயின. 2018 மார்ச்சில் அத்தளம் மூடப்பட்டது. அதே செப்டம்பரில் அனுமதிச் சட்டம் கையெழுத்தானது ஒரு முரண். நாளுக்கு 30, வாரத்துக்கு 60 சாப்பாடு, சமைத்த அன்றே விற்பனை, முன்கூட்டியே சமையலறை ஆய்வு என்பன அதன் நிபந்தனைகள். மாவட்ட நிர்வாகம் ஏற்றால்தான் சட்டம் அங்கே செல்லும். 2023இல் வார வரம்பு 90 ஆனது. இந்திய விதி பணத்தை எண்ண, கலிபோர்னியா தட்டுகளை எண்ணியது. ஒரு சாதாரண அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்ற கேள்விக்கு இரண்டாவது கணக்கு நெருக்கமானது.

பொதுமுடக்கத்தில் பெருகிய விற்பனையில் கணிசமான பகுதி இத்தளங்கள் வழியாக நடக்கவில்லை. குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் காலையில் பட்டியல் வரும், மதியம் பொட்டலம் வரும். அங்கே பதிவு எண்ணைக் கேட்க நடுவில் யாருமில்லை. 2022 ஜனவரி 1 முதல் உணவு விற்பனை ரசீதுகளில் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்று ஆணையம் கட்டாயமாக்கியது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாம்பார் சாதம் வாங்கிக் கைபேசியிலேயே பணம் அனுப்புபவருக்குப் பெரும்பாலும் ரசீது என்று ஒன்று தரப்படுவதே இல்லை.